மேடையில் காணாமல் போன கிடார்: ட்யூப் ஆம்பை விற்றுவிடலாமா?

கேள்வி:

பதினான்கு வருடமாக எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். பிழைப்புக்கு வேறு வேலை. சனி, ஞாயிறுகளில் நான்கு பேர் கொண்ட எங்கள் குழுவோடு மேடை ஏறுவேன். என்னிடம் 50 வாட் ட்யூப் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்கள் வைத்து ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது, 12 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு வைத்தது. தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. அடுக்குமாடி வீட்டில் அதன் வால்யூமை 2-க்கு மேல் வைத்ததே இல்லை. போன மாதம் தரையில் வைத்துக் காலால் இயக்கும் டிஜிட்டல் மாடலர் ஒன்று வாங்கினேன், ஆம்புகளின் ஒலியைக் கணக்குப் போட்டுப் போலச்செய்யும் கருவி. ஹெட்போனில் கேட்டு மயங்கிப் போனேன். முதல் நிகழ்ச்சியில், அங்கிருந்த ஒரு கிடார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் அதைச் செருகினேன். போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஒலித்தது. மற்றவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் என் கிடார் சுத்தமாகக் காணாமல் போய்விட்டது. "ட்யூப் இல்லாமல் கிடார் இல்லை" என்கிறார் எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். "அந்தப் பழைய பெட்டியை விற்றுவிடு" என்கிறார் எங்கள் டிரம்மர். பெட்டியிலும் இப்போது கரகரப்பு. பின்னால் ஒரு ட்யூப் மற்றதைவிடச் சிவப்பாக எரிகிறது. எதை வைத்துக்கொள்வது? நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை எல்லாம் வெறும் நம்பிக்கைதானா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தச் சிவப்பு ட்யூப். இதைப் படிக்கும்போது ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். ட்யூபுக்குள் நடுவில் மெல்லிய ஆரஞ்சு வெளிச்சம் தெரிவது இயல்பு. அது சூடேற்றும் இழை. கண்ணாடிக்கு உட்புறம் நீலமாகப் படர்ந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் வெளிப்புறம் சாம்பல் நிறத்தில் இருக்கும் உலோகத் தகடே சிவந்தால், தாங்கக்கூடியதைவிட அதிகக் கரண்ட் அதில் ஓடுகிறது என்று பொருள். ட்யூபில் ஓடும் கரண்டை அடக்கி வைக்கும் பயாஸ் வோல்டேஜ் விட்டுப்போயிருக்கலாம், ஒரு கப்பாசிட்டர் கசியலாம், சாக்கெட்டில் பிடிமானம் தளர்ந்திருக்கலாம், ட்யூபே முடிந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் சில நிமிடங்களில் ட்யூப் போகும். கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போனால், அந்த ஆம்பில் விலை உயர்ந்த பாகத்தை இழப்பீர்கள்.

நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். நான் இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வேலை செய்கிறேன். இன்றைக்கும் கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே விரல் வைப்பதில்லை. தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். கரகரப்பு அநேகமாகச் சின்ன விஷயம்: அழுக்கேறிய சாக்கெட்டாகவோ, கிடாரின் சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஆம்ப் பகுதியின் ஒரு ட்யூபாகவோ இருக்கும். ஃபில்டர் கப்பாசிட்டர்களுக்கு இருபது வயதாகியிருந்தால் அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கிடார் காணாமல் போன கதை. மாடலரை நீங்கள் குறை சொல்லவில்லை என்றாலும், கடிதத்தின் தொனியில் அந்த ஏமாற்றம் தெரிகிறது. நான் வார இறுதிகளில் மேடை ஒலிக்கலவையும் செய்பவன். இதே நிலையில் திகைத்து நிற்கும் கிடார் கலைஞர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். அன்று நடந்தது இரண்டு தனித்தனிப் பிழைகள்.

போர்வை எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்கிறேன். கிடார் ஸ்பீக்கர் என்பது சாதாரண ஸ்பீக்கர் இல்லை. பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் போகும். 12 இன்ச் கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் செங்குத்தாக விழுந்துவிடும். டிஸ்டார்ஷனில், அதாவது ஒலியை அளவுக்கு மேல் தள்ளி உடைக்கும்போது, பிறக்கும் எரிச்சலூட்டும் சீற்றமெல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதை வடிகட்டித் தருவது ஸ்பீக்கரின் வேலை. ஹெட்போனிலோ மிக்ஸரிலோ நேராகச் செருகும்போது அந்த வடிகட்டி இருக்காது என்பதால், மாடலர் தானே ஒரு ஸ்பீக்கரைக் கணக்காகப் போட்டுச் சேர்க்கிறது. உண்மையான ஸ்பீக்கர் பெட்டியின் முன் மைக் வைத்து, அது ஒரு துடிப்புக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று அளந்து எடுத்த பதிவு அது. ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) என்று சொல்வார்கள்.

நீங்கள் அந்த ஐஆரை அணைக்காமல், இன்னொரு கிடார் ஆம்புக்குள் அனுப்பிவிட்டீர்கள். ஆகவே உங்கள் ஒலி இரண்டு ஸ்பீக்கர், இரண்டு பிரீஆம்ப் கடந்து வெளியே வந்தது. மேல் அலைவரிசை இரண்டு முறை வெட்டப்பட்டது. எந்த மாடலராக இருந்தாலும் போர்வைதான் மிஞ்சும்.

இதற்குத் தீர்வு எளிது. கிடார் ஆம்பில் போடுவதானால், பல ஆம்புகளின் பின்பக்கம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்று ஒரு துளை இருக்கும். அதில் செருகுங்கள், மாடலரில் ஸ்பீக்கர் சிமுலேஷனை (அந்த ஐஆரை) அணையுங்கள். அப்போது அந்த ஆம்பின் பவர் பகுதியும் ஸ்பீக்கரும் மட்டும் வேலை செய்யும். மிக்ஸருக்கு நேராகப் போவதானால் சிமுலேஷனைப் போட்டே வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனி அவுட்புட் கொடுக்கும் மாடலர்கள் உண்டு. ஒன்றில் ஐஆர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. உங்களுடையதில் அந்த வசதி இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். இருந்தால் மேடை வாழ்க்கை பாதி சுலபமாகிவிடும்.

இரண்டாவது பிழை இதைவிட ஆழமானது. ஐஆரைச் சரியாக வைத்திருந்தாலும் அன்று உங்கள் கிடார் கரைந்துதான் போயிருக்கும்.

நம் காது சத்தத்துக்குத் தகுந்தபடி வேறு வேறு மாதிரி கேட்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே பெல் ஆய்வகத்தில் இதை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ்ச்சுரங்களும் ஓரளவுக்கு உச்சிச்சுரங்களும் காதில் மங்கும். நடுப்பகுதி மட்டும் தெளிவாகக் கேட்கும். சத்தம் ஏற ஏற, மங்கியிருந்த கீழ்ப்பகுதி எழுந்து வரும். இரவு பத்து மணிக்கு ஹெட்போனில் சின்ன சத்தத்தில் உட்கார்ந்து நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கனம் போதவில்லை என்று கீழ்ப்பகுதியைக் கூட்டியிருப்பீர்கள். பளபளப்பு வேண்டுமென்று மேலே கூட்டியிருப்பீர்கள். மூக்கால் பேசுவது போலிருக்கிறதே என்று நடுப்பகுதியைக் குறைத்திருப்பீர்கள். தனியாகக் கேட்க அது அருமையாகத்தான் இருக்கும்.

மேடையில் கீழ்ப்பகுதிக்கு ஏற்கெனவே இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். பேஸ் கிடாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மும் அந்தப் பக்கம்தான். உங்கள் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நீங்கள் கூட்டிய கனம் அவர்களோடு முட்டி, சேறாகும். நீங்கள் கூட்டிய பளபளப்பைச் சிம்பல் விழுங்கும். கிடாருக்கென்று மிஞ்சும் இடம் ஏறக்குறைய 400 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த இடத்தைத்தான் நீங்கள் காலி செய்துவிட்டுப் போனீர்கள்.

டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் திருகும் அப்படித்தான். மெதுவாக வாசிக்கும்போது டிஸ்டார்ஷன் குறைவாகத் தோன்றும், கூட்டுவோம். ஆனால் கெயின் ஏற ஏற ஒலியின் மேடுபள்ளம் தட்டையாகும். பிக் கம்பியில் படும் அந்த முதல் வெட்டு மழுங்கும். கூட்டத்தில் கிடாரைக் காது கண்டுபிடிப்பதே அந்த வெட்டை வைத்துத்தான். ரிவெர்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரங்கத்துக்குத் தன் எதிரொலி இருக்கிறது, உங்களுடையது அதன் மேல் இன்னொரு பனிமூட்டம்.

அடுத்த ஒத்திகைக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். பழைய பிரீசெட் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) எதையும் தொடாமல் புதிதாக ஒன்று தொடங்குங்கள். டிரம்மரையும் பேஸ் வாசிப்பவரையும் மேடைச் சத்தத்திலேயே வாசிக்கச் சொல்லுங்கள். மாடலரின் கடைசியில் ஒரு ஈக்யூ (கீழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டு 90 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6,500 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். நடுப்பகுதியை, தனியாகக் கேட்டால் கொஞ்சம் முரட்டுத்தனம் என்று தோன்றும் அளவுக்கு ஏற்றுங்கள். கெயினை வீட்டில் வைத்ததில் மூன்றில் இரண்டு பங்காக்குங்கள். ரிவெர்பைப் பாதியாக்குங்கள். பிறகு அரங்கத்தின் நடுவில் போனை வைத்துப் பதிவு செய்து, ஐந்து நிமிடம் கழித்துக் கேளுங்கள். தேவைப்பட்டால் ஒரு திருகை மட்டும் மாற்றுங்கள், மறுபடி பதிவு செய்யுங்கள். ஒரு நல்ல பிரீசெட் போதும். நூற்றிருபது இருக்கிறதே என்று அலையாதீர்கள். எண்கள் எல்லாம் தொடக்கப் புள்ளிகள்தான். உங்கள் கிடாருக்கும் கைக்கும் தகுந்தபடி நகரும்.

இப்போது உங்கள் ஆசிரியர் பக்கம் வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர் காரணமாக நினைப்பது எதுவென்றுதான் பார்க்க வேண்டும்.

ட்யூப் என்பது வெற்றிடக் கண்ணாடிக் குடுவை. உள்ளே சூடான கேத்தோடு எலக்ட்ரான்களை உமிழும், தகடு அவற்றை இழுக்கும், நடுவில் ஒரு வலை. வலையில் கிடார் தரும் துளி வோல்டேஜ் அசைந்தால், தகட்டில் பெரிய அசைவாக வெளியே வரும். அளவுக்கு மேல் தள்ளினால் அலையின் முனை சட்டென்று நறுக்கப்படாமல், வளைந்து வளைந்து மழுங்கும். தள்ளும் வேகத்தையும் நேரத்தையும் பொறுத்து ட்யூபின் பயாஸ் நிலையே நகர்ந்துகொள்ளும். ஓங்கி ஒரு கார்டு அடித்தால் பவர் சப்ளை ஒரு கணம் தளர்ந்து, ஒலி அமுங்கி, பிறகு மலரும். ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கும் ட்யூபே வைத்த ஆம்புகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். வாசிப்பவர்கள் "விரலுக்குப் பதில் சொல்கிறது" என்பது இதைத்தான். கற்பனை இல்லை, ஆசிலோஸ்கோப்பில் தெரியும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. 8 ஓம் ஸ்பீக்கர் என்று எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுரத்துக்கும் 8 ஓம் இல்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டிய அதன் ஒத்ததிர்வில் பல மடங்கு ஏறும். உச்சியிலும் ஏறிக்கொண்டே போகும். டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் இதைச் சட்டை செய்யாமல் ஒரே வோல்டேஜ் கொடுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வழியே வரும் ட்யூப் ஆம்ப் அப்படி இறுக்கிப் பிடிக்காது. ஸ்பீக்கர் எங்கே ஏறுகிறதோ அங்கே அதுவும் கொஞ்சம் சேர்ந்து ஏறும். அதனால்தான் கீழே ஒரு தடிப்பும் மேலே ஒரு விரிவும் கிடைக்கின்றன. நல்ல மாடலர்கள் இந்த வளைவையும் கணக்கில் சேர்க்கின்றன. சேர்க்காதவை தட்டையாக ஒலிக்கும்.

"ட்யூப் இரட்டைப்படை மேல்சுரம் தரும், அதனால்தான் இதம்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மேல்சுரம் என்பது வாசித்த சுரத்தின் அதிர்வெண்ணைப் போல் 2, 3, 4 மடங்கில் கூடவே பிறக்கும் ஒலி. அந்தப் பேச்சை அப்படியே ஏற்க முடியாது. ஒற்றை டிரையோடு (கேத்தோடு, வலை, தகடு மட்டும் உள்ள எளிய ட்யூப்) உள்ள பிரீஆம்ப் கட்டத்துக்கு அது பொருந்தும். உங்கள் 50 வாட் ஆம்பில் பவர் ட்யூபுகள் ஜோடியாக, ஒன்று தள்ள மற்றது இழுக்கும் புஷ்-புல் முறையில் இருக்கின்றன. அந்த அமைப்பு தனக்குள் பிறக்கும் இரட்டைப்படை மேல்சுரங்களைப் பெரும்பாலும் ரத்துசெய்துவிடும். மேடைகளில் நாம் நேசிக்கும் அந்தப் பெரிய கர்ஜனையில் ஒற்றைப்படை மேல்சுரங்கள் நிறையவே உண்டு.

இந்த ஒலியை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும். ஃபெண்டர் நிறுவனம் 1950-களில் பாஸ்மேன் என்ற ஆம்பைப் பேஸ் கிடாருக்காகச் செய்தது. அதன் 1959-ஆம் வருடச் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து, 1962-63 வாக்கில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் ஜேடிஎம்45 ஆம்ப் உருவானது. முதல் ட்யூபாக இன்னும் கெயின் கூடிய இசிசி83-ஐப் போட்டார்கள், ஸ்பீக்கர்களை மூடிய பெட்டியில் வைத்தார்கள். அதன் ஒலி சீக்கிரம் உடையும், தடித்து உடையும். பொறியாளருக்கு அது குறைபாடு. வாசித்தவர்கள் அதிலேயே ஒரு குரலைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் குரலைக் கணக்காகப் போடும் முயற்சி 1990-களில் தொடங்கியது. ரோலண்டின் விஜி-8 1995-ல் வந்தது, லைன் 6-இன் சிவப்பு நிற பாட் 1998-ல். அவற்றை வாசித்துப் பார்த்து, "டிஜிட்டல் என்றாலே இப்படித்தான்" என்று அன்றே முடிவு செய்தவர்கள் பலர். உங்கள் ஆசிரியரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அந்தக் காலத்துக்கு அந்த முடிவு சரி. ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்தால் 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் எழுத முடியும். டிஸ்டார்ஷனோ அதற்கு மேலேயும் மேல்சுரங்களைப் பெற்றுப்போடும். 30,000-ல் பிறந்தது மடங்கி 18,000-ல் வந்து உட்காரும். இன்னும் மேலே பிறந்தவை இன்னும் கீழே வந்து விழும். வாசித்த சுரத்தோடு எந்த உறவும் இல்லாத ஒலிகள் அவை. கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றினால் அவை கீழே போகும். பழைய மாடலர்களில் கேட்ட அந்தக் கண்ணாடித் தூள் இதுதான். இப்போது உள்ளே பல மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டு, மடங்குவதற்கு முன்பே வடிகட்டிவிடுகிறார்கள். 2006-ல் வந்த ஆக்ஸ்-எஃப்எக்ஸ் மாடலர் வரிசைக்குப் பிறகு அந்தத் தூள் படிப்படியாகக் குறைந்து, நல்ல கருவிகளில் எனக்குக் கேட்பதில்லை.

இன்றைக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சர்க்யூட்டின் ஒவ்வொரு பாகத்தையும் கணிதமாக எழுதுவது. திருகைத் திருப்பினால் அசல் போலவே மாறும். இன்னொன்று, ஓடுகிற ஆம்பையே அளந்து படியெடுப்பது. 2011-ல் வந்த கெம்பர் என்ற கருவி இதைப் பரவலாக்கியது. இப்போது நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருளே நரம்பு வலைப்பின்னல் கொண்டு அதைச் செய்கிறது. படியெடுப்பு வியக்கத்தக்க நெருக்கம். ஆனால் பெரும்பாலும் அது ஒரு திருகு நிலையின் புகைப்படம். அந்த நிலையில் அசல். அங்கிருந்து கெயினைத் தூரமாக நகர்த்தினால் ஊகம். உங்களுடைய மாடலர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், அதற்கேற்பப் பயன்படுத்துங்கள்.

தாமதம் பற்றியும் சிலர் பயமுறுத்துவார்கள். காலால் இயக்கும் மாடலர்களில் அது சில மில்லி விநாடிகள்தான். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 செண்டிமீட்டர் போகும். உங்கள் ட்யூப் ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே ஒன்பது மில்லி விநாடி போய்விடுகிறது. அதைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

மெட்டாலிகா குழு 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் வாசித்தபோது மேடையில் ஸ்பீக்கர் சத்தமே கூடாது என்பது நிபந்தனை. பார்வையாளர்கள் ஹெட்போனில் கேட்டார்கள். அங்கே டிஜிட்டல் மாடலர்தான் கைகொடுத்தது. சத்தமே செய்யக் கூடாத இடத்தில் ட்யூப் ஆம்பின் மிகப் பெரிய பலம் பயனற்றுப் போகிறது. உங்கள் அடுக்குமாடி வீட்டுக்கும் அதே நிலைதான்.

வால்யூமை 2-க்கு மேல் வைத்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டில் அந்தப் பவர் ட்யூபுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒருநாளும் வியர்த்ததில்லை. நீங்கள் கேட்டதெல்லாம் பிரீஆம்பின் ஒலி மட்டுமே. வாட் குறைந்த ட்யூப் ஆம்ப் வாங்கலாமா என்று அடுத்துத் தோன்றும். 50 வாட்டை 25 ஆக்கினால் 3 டெசிபல்தான் குறையும். 5 வாட் ஆக்கினால் 10 டெசிபல், காதுக்குப் பாதிச் சத்தம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டெசிபல் தரும் கிடார் ஸ்பீக்கரில் 5 வாட் என்பது 104 டெசிபல். அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துவிடும். ட்யூப் ஆம்பையே வீட்டில் ஓட்ட வேண்டுமென்றால் ஸ்பீக்கருக்குப் பதிலாக, சத்தமில்லாமல் அதைப் போலவே ஆம்பின் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் ரியாக்டிவ் லோடு என்ற பெட்டியைப் போட்டு, அதிலிருந்து ஐஆர் வழியாக ஹெட்போனுக்குப் போகலாம். நல்ல வழி. ஸ்பீக்கரும் லோடும் இல்லாமல் மட்டும் ஆம்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும்.

வித்தியாசம் நம்பிக்கைதானா என்று கேட்டீர்கள். என் பட்டறையில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு ட்யூப் ஆம்பையும் அதே ஆம்பின் மாடலையும் ஒரே ஸ்பீக்கர் பெட்டியில் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். மாடலருக்கு ஒரு பவர் ஆம்ப். சத்தத்தை மீட்டர் வைத்துச் சமமாக்கினோம், நடுவில் ஒரு திரை. உட்கார்ந்து கேட்டவர்கள் தடுமாறினார்கள். ஊகித்த அளவுக்குத்தான் சரியாக வந்தது. வாசித்தவர் பெரும்பாலும் கண்டுபிடித்தார். எப்படி என்று கேட்டேன். கிடாரின் வால்யூம் திருகைப் பாதிக்குக் குறைத்து, விரலை மென்மையாக்கும்போது ட்யூப் ஆம்ப் இன்னும் சீராகத் தெளிந்தது என்றார். கெயின் கூடிய முழக்கத்தில் அவருக்கும் பிடிபடவில்லை. சத்தத்தைச் சமமாக்காமல் விட்டு ஒரு சுற்று போனோம். எது கொஞ்சம் சத்தமாக இருந்ததோ அதையே எல்லோரும் "உயிருள்ளது" என்றார்கள். இது ஒரு பட்டறையின் ஒரு மாலை மட்டுமே; ஆனாலும் அதற்குப் பிறகு சத்தம் சமமாக்கப்படாத எந்த ஒப்பீட்டையும் நான் பொருட்படுத்துவதில்லை.

ஆகவே வித்தியாசம் உண்டு. அது சிறியது, வாசிப்பவர் விரலில்தான் அதிகம் தெரிகிறது. மென்மைக்கும் உடைவுக்கும் நடுவே உலவும் வாசிப்பு உங்களுடையதென்றால் அந்தச் சிறிய வித்தியாசத்துக்காக முப்பது கிலோ தூக்குவதில் நியாயம் இருக்கிறது. அரங்கத்தில் இருப்பவர்களோ எப்போதும் மைக் வழியாகத்தான் உங்கள் ஆம்பைக் கேட்டார்கள். முழங்காலுக்குப் பின்னால் நின்று முழங்கும் அந்தக் காற்றோட்டத்தை அனுபவித்தது நீங்கள் ஒருவர்தான். மாடலருக்கு மாறியபோது நீங்கள் இழந்ததில் பெரும்பகுதி ட்யூப் இல்லை, அந்த ஸ்பீக்கர். அதைத் திரும்பப் பெற ஒரு சின்ன பவர் ஆம்பும் ஒற்றை 12 இன்ச் கிடார் கேபினெட்டும் போதும். இரண்டும் சேர்ந்தாலும் இப்போது தூக்குவதில் பாதிதான் இருக்கும்.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன் என்று நேராகவே சொல்கிறேன். மேடைக்கும் வீட்டுக்கும் மாடலர். மிக்ஸருக்கு ஐஆரோடு ஒரு அவுட்புட், உங்களுக்குப் பின்னால் அந்த ஒற்றை ஸ்பீக்கருக்கு ஐஆர் இல்லாமல் ஒரு அவுட்புட். பிரீசெட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து வையுங்கள். ட்யூப் ஆம்பைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கும், சத்தம் போட இடம் கிடைக்கும் நாளுக்கும். பழுதோடு விற்றால் அதன் மதிப்பில் பாதிகூட வராது. ஆறு மாதம் அதைத் தொடவே இல்லையென்றால் அப்போது விற்கலாம்.

வயதான பெட்டி என்று டிரம்மர் சொல்வதில் ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவில்லை. ட்யூப் செய்யும் தொழிற்சாலைகள் இன்று உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்துதான் பெரும்பகுதி வருகிறது. விலை ஏறியிறங்கும். ஆனால் ட்யூப் கிடைக்கும்வரை அந்தச் சர்க்யூட்டை யாராவது ஒருவர் சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்து உயிர்ப்பிக்க முடியும். அறுபது வயதான ஆம்புகள் என் மேசைக்கு வருகின்றன, நடந்து வெளியே போகின்றன. பத்து வயதான டிஜிட்டல் போர்டில் முக்கியமான சிப் போய், அதைத் தயாரிப்பவர்களும் நிறுத்திவிட்டால், என்னால் செய்யக்கூடியது எதுவும் இருப்பதில்லை. அது வருத்தமான வேலை.

ஆம்ப் பட்டறையிலிருந்து திரும்பியதும் ஆசிரியரை ஒத்திகைக் கூடத்துக்கு அழையுங்கள். ஒரே ஸ்பீக்கர் பெட்டி, சமமான சத்தம், நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். போனில் இருக்கும் சத்தமானி ஆப் போதும், அளப்பதற்கு. ஒவ்வொரு முறை மாற்றும் முன்பும் ட்யூப் ஆம்பை ஸ்டாண்ட்பையில் போட்டுவிட்டுத்தான் ஸ்பீக்கர் கேபிளைத் தொட வேண்டும். அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். கிடாரை அவர் கையில் கொடுங்கள். வால்யூம் திருகைக் குறைத்து வாசிக்கச் சொல்ல மறக்காதீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அறிய ஆவலாக இருக்கிறேன்.